வாலறுந்த சொல்

ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கே கரண்டை எடுத்துவிட்டார்கள். தலைக்கு மேலே மின்விசிறி வேகம் தணிந்து, இறக்கை மூன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, போனால் போகிறது என்று இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும், பேப்பரில் போட்டிருந்தது. ஆவுடைநாயகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தாறு வருஷம் மின்பொறியியல் சொல்லிக்கொடுத்த மனுஷன், துறைத்தலைவராக இருந்தவர், பதினோரு பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக்கொடுத்தவர், இப்போது பாளையங்கோட்டையில் தன் வீட்டுக் கூடத்தில் கையில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போனில் பதினோரு சதவீதம் இருந்தது. ராத்திரி படுக்கப்போகும்போது சார்ஜரைச் சொருகிவிட்டுத்தான் படுத்தார். சுவரில் இருந்த சுவிட்சைத்தான் போடவில்லை. எந்த ஊரில் நடக்கும் இது? பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்தால் சிரிக்கலாம். இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எட்டு மாசம் ஆயிற்று, அது போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. அடுப்படியிலிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள். "கரண்டு வாத்தியார் வீட்டுலதான் கரண்டே நிக்கமாட்டேங்கு. ஏங்க, பன்னெண்டு மணிக்குப் போன் வருமுன்னீங்களே, சார்ஜ் இருக்கா?" இருக்கிறது என்றார். நாற்பது வருஷத்துப் பெண்டாட்டியிடம் அவ்வளவு சின்னப் பொய் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பொய் என்ற சொல் மனசில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

நேற்று சாயங்காலம்தான் அந்தக் குரல் வந்தது. "சார், நான் எட்வின் பேசுதேன். மாசிலாமணி மகன். மெஷின்ஸ் லேப் மாசிலாமணி." மெஷின்ஸ் லேப் என்று அவன் சொன்ன மாத்திரத்தில் அவருக்கு மூக்கில் கிரீஸ் வாடை அடித்தது, அந்த நீளக் கூடம், சூடேறிய வார்னிஷ் வாடை, சிமெண்டுத் தரையில் காலில் வந்து ஏறும் அதிர்வு. "அப்பாவ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் சார். இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னுட்டாங்க." அடடா, என்ன வயசு? "எழுபத்தெட்டு சார். கிட்னி ரெண்டும் போச்சு, கண்ணும் மங்கிட்டு. காது மட்டும்தான் அப்படியே இருக்கு. அடுத்த தெருவுல மிக்ஸி ஓடுனாத் திட்டுதார்." சிரித்தான் எட்வின், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம் சார். அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு. அவ்வளவுதான் சொல்லுதார். எந்த நாள்னு உங்களுக்கே தெரியுமாம். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் போன் போடவா சார்? அப்பதான் கொஞ்சம் தெளிவா இருப்பார்." போடு என்றார் ஆவுடைநாயகம். போடு. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே காதில் கேட்டது. முப்பத்தேழு வருஷமாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்த சொல்.

ஒதுக்கினால் போகிற சொல்லா அது? தமிழனுக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சட்டை போடணும், சோறு போடணும், காப்பி போடணும், கோடு போடணும், மார்க் போடணும், கையெழுத்துப் போடணும், சண்டை போடணும். பழி போடணும். ஆமாம், பழியையும் போடத்தான் செய்கிறோம், ஒருத்தன் தலையில், மூட்டையை ஏற்றுகிற மாதிரி. கையெழுத்தும் பழியும் ஒரே நாளில் ஒரே பேனாவில் போட்டாயிற்று, நீல மை, அச்சடித்த மாதிரி திருத்தமான எழுத்து, அவர் எழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு லில்லி டீச்சர். "சார், கரண்டு எப்ப வரும்?" இந்தத் தெருவில் கரண்டு போனால் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள், அவர் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. "ரெண்டு மணிக்கு டீச்சர்." "எங்க இன்வெர்ட்டர் அதுவரைக்கும் தாங்குமான்னு பாக்கேன். உங்களுக்குப் போன் கீன் சார்ஜ் போடணும்னா கொண்டாங்க சார்." சரி டீச்சர், கொண்டாரேன் என்றார். கொண்டுபோகவில்லை. உள்ளே வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போனைத் திருப்பிப் பார்த்தால் ஒன்பது சதவீதம். ஒரு மனுஷன் சும்மா இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறான், போனைச் சொல்லி என்ன. பன்னிரண்டு மணிக்குள் அது தானாகவே அணைந்துவிட்டால்? அணைந்துவிட்டால் தன் தப்பில்லை. பராமரிப்பு. பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள். இப்படி நினைத்தபோது ராத்திரி சுவிட்ச் போடாத விரலை அவர் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். மறந்தேனா, இல்லை மறக்கவிட்டேனா என்று அந்த விரலிடமே கேட்கலாம் போலிருந்தது.

அன்றைக்கும் இதே மாதிரி வெக்கைதான். எண்பத்தேழு, மார்ச். அவருக்கு முப்பது வயசு, விரிவுரையாளர், தலை நிறைய முடி. அந்த அரசுக் கல்லூரியில் மெஷின்ஸ் லேப் என்றால் எண்பது அடி நீளம், ஒரு கோடியில் சுவரோடு சுவிட்ச் பேனல், அதன் முன்னால் லேப் உதவியாளர் மாசிலாமணி, மறு கோடிவரைக்கும் வரிசையாக மோட்டார்கள். நடுவில் டி.சி. கொடுக்கிற பெரிய செட் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அந்த லேபுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பையன்கள் ஒயரெல்லாம் இணைத்து முடிப்பார்கள், வாத்தியார் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார், எல்லாம் சரி என்றால் பேனல் பக்கம் திரும்பி, 'போடுங்க' என்று கத்துவார். மாசிலாமணி காதால் கேட்டு, இடது கையை ஒரு தடவை உயர்த்திக் காட்டி, அதற்கப்புறம்தான் வலது கையால் சுவிட்சை மேலே தள்ளுவார். வாத்தியார் சொல்லாமல் அந்த மனுஷன் பேனலில் விரல் வைத்ததில்லை. பதினாறு வருஷ சர்வீஸ், ஒரு தடவை கூட இல்லை. அன்றைக்கு ஆவுடைநாயகத்தின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சென்னையில் பிஎச்.டி. படிக்க இடம் கிடைத்துவிட்டது, மூன்று வாரத்தில் வந்து சேரச் சொல்லி. காலையிலிருந்து நாலு தடவை எடுத்துப் படித்தாயிற்று. ஐந்தாவது தடவையாகப் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டேதான் வேலாயுதம் என்கிற மூன்றாம் வருஷத்துப் பையனின் ஒயர்களைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தாரா, கண்ணால் பார்த்தாரா? கண்ணால்தான். சரியாகத்தான் இருந்தது. திரும்பி, "மாசிலாமணி, போடுங்க" என்று கத்தினார். எண்பதடிக்கு அந்தப் பக்கம் இடது கை மேலே போனது. அப்போதுதான் வேலாயுதம், எந்த நட்டோ சரியாக முறுக்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒயரை முறுக்குகிற டெர்மினல் மேல் குனிந்தான். ஆவுடைநாயகம் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் பார்த்தார். உயர்ந்த கை இறங்குவதற்கும் மற்றக் கை தள்ளுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. 'போடாதீங்க' என்று சொல்ல ஒரு மூச்சு தாராளம். வாயும் திறந்தது. நாக்கும் எழுந்தது. சொல் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று முப்பத்தேழு வருஷமாக யோசித்து ஒரு விடையும் கிடைக்கவில்லை. கேள்வித்தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எல்லாப் பையனுக்கும் சும்மா மார்க் போட வேண்டியதுதான். நீல வெளிச்சம், வெடிச்சத்தம், ஸ்பேனர் உருகின வாடை, பையன் மல்லாந்து கிடந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் மட்டும் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிட்டது, பரீட்சையை வேறொருவன்தான் எழுதிக்கொடுத்தான். மாசிலாமணி பேனலை அணைத்துவிட்டு எண்பதடியும் ஓடி வந்தவர், பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்வரைக்கும் ஓடினார். அவர் சட்டையெல்லாம் கரி. ஓடும்போதே திரும்பி, "சார், நீங்க போடச் சொன்னீங்கள்ல?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வழி கேட்கிற குரல். ஆவுடைநாயகம் பதில் சொல்லவில்லை, அந்த நேரத்தில் யார்தான் பதில் சொல்வார்கள், பையனைப் பார்ப்பதா பேசிக்கொண்டிருப்பதா. இப்படித்தான் முதல் தடவை தப்பித்தது. இரண்டாவது தடவை பிரின்சிபல் அறையில், மூன்று பேர் விசாரணைக் குழு முன்னால். தன் பேரில் விசாரணை என்று ஒன்று நின்றுவிட்டால் சென்னைக்கு விட மாட்டார்கள், இடம் போய்விடும், அடுத்த வருஷம் கிடைக்குமா யார் கண்டது. அவர் யோசித்துத்தான் சொன்னார், கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, யார் மேலும் கோபமாகச் சொல்லவில்லை. 'நான் போடாதீங்க என்றுதான் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குப் போடுங்க என்று கேட்டிருக்கலாம்.' கேட்டிருக்கலாம். எவ்வளவு மரியாதையான சொல், எவ்வளவு பதமான சொல், ஒரு எறும்பைக் கூட மிதிக்காது. வெளியே பெஞ்சில் காத்திருந்த மாசிலாமணியை உள்ளே கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்கள்.  "எனக்குப் போடுங்கன்னுதான் கேட்டுச்சு. ஆனா சார் பொய் சொல்ல மாட்டாங்க. சார் அப்படிச் சொல்லியிருந்தா எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, காட்டின இடத்தில் மாசிலாமணி கையெழுத்துப் போட்டார். வேலாயுதத்துக்கு எதுவும் ஞாபகமில்லையாம். ஞாபகம் இல்லையோ, இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது என்பது நன்றாக ஞாபகம் இருந்ததோ, அந்தப் பையனைத்தான் கேட்க வேண்டும்.

விசாரணை அறிக்கையில் காது மந்தம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியோடு மாசிலாமணியை லேபிலிருந்து எடுத்து, எங்கேயோ ஒரு பாலிடெக்னிக்கில் நாற்காலி மேஜை எண்ணுகிற ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னைக்குப் போய், படித்து, பட்டம் வாங்கி, நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த ஆவுடைநாயகம் முதல் காரியமாக என்ன செய்தார் தெரியுமா? அதே லேபில் ஒரு பலகை எழுதி மாட்டினார். 'இந்த ஆய்வகத்தில் போடு, போடாதே என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. கொடு என்றும் வேண்டாம் என்றும் மட்டுமே சொல்ல வேண்டும்.' எல்லோரும் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் நின்று விளக்குவார், அந்தக் காலத்தில் அவருக்கு நல்ல கணீர்க் குரல். "தமிழ்ல இல்லைங்கிறது சொல்லோட வாலில இருக்கு. சத்தத்துல வால் அறுந்துபோனா அர்த்தமே தலைகீழாயிடும். அதனால மறுக்கிற சொல்லு தனிச் சொல்லா இருக்கணும், முதல்ல வரணும்." கை தட்டுவார்கள். கூடவே உதாரணம் ஒன்று சொல்வார், உதாரணம் இல்லாமல் எந்த வாத்தியாருக்கும் வாய் ஓடாது. 'எங்கள் லேபில் ஓர் உதவியாளருக்கு ஒரு தடவை இப்படித்தான் தப்பாகக் கேட்டுவிட்டது.' இதைத் தொண்ணூற்று ஒன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வருஷம் வரைக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும், முதல் லேப் நாளில் சொன்னார். இருபத்து நாலு வருஷம், வருஷத்துக்கு அறுபது பிள்ளைகள். சொல்லச் சொல்ல அவருக்கே அப்படித்தான் நடந்தது போலிருந்தது. வாய் திறந்தது உண்மைதானே, வாய் திறந்தது என்றால் பாதி சொன்ன மாதிரிதானே, மீதியைக் காற்று கொண்டுபோயிருக்காதா? சிறந்த ஆசிரியர் பரிசு கூட வந்தது, அந்தக் கேடயம் அதோ டிவிக்கு மேலே இருக்கிறது. செண்பகம் வாரம் ஒரு தடவை துடைக்கிறாள். இத்தனை வருஷத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறார், எத்தனை கட்டுரை, மின்னோட்டம் எந்த வழியாகப் போகும் எந்த வழியாகத் திரும்பும் என்று எத்தனை கரும்பலகை. ஊரில் நாலு பேருக்கு அவரைத் தெரியும் என்றால் அந்தப் பலகையால்தான் தெரியும். மற்றதெல்லாம் நூலகத்தில் தூசி.

"ஏங்க, பதினொன்னரை ஆச்சு. ஏன் இப்படியே உக்காந்திருக்கீய? வேர்த்துக் கொட்டுது பாருங்க." செண்பகம் விசிறி மட்டையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். விசிறவில்லை. தொண்ணூற்றெட்டில் ஒரு தடவை மாசிலாமணியைப் பார்த்தார், அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தார். அந்தப் பாலிடெக்னிக்குக்குத் தேர்வாளராகப் போயிருந்தபோது. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்று நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும் சாக்பீசைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, "சார்!" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில், நெஞ்சே வெடித்துவிடும் போல. டீ வாங்கிவரச் சொன்னார். அங்கே அவருக்குச் 'செவிட்டு மணி' என்று பேர் வைத்திருந்தார்கள். பேரில் மாசில்லை என்று பெற்றவர்கள் வைத்தார்கள், ஊர் அதில் செவிட்டை ஒட்டிவிட்டது. எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள், அதைக் கேட்டு ஆவுடைநாயகமும் தன்னையறியாமல் குரலை உயர்த்தி, "என்ன மாசிலாமணி, சவுக்கியமா?" என்று கத்தினார். மாசிலாமணி சிரித்தார். "சத்தம் போடாதீங்க சார். நல்லாக் கேக்குது." அப்புறம் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு தடவ காதை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன் சார். ரெண்டு தடவையும் ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க. அப்ப அன்னைக்கு மட்டும் எப்படி சார் தப்பாக் கேட்டிருக்கும்?" அதுதான் சமயம். ஸ்டோரில் வேறு யாரும் இல்லை. உடைந்த நாற்காலிக்குக் காது கிடையாது. "மிஷின் சத்தத்துல சில நேரம் அப்படித்தான் மாசிலாமணி" என்றார் ஆவுடைநாயகம். "அதான் சார், நானும் அப்படித்தான் நெனச்சுக்கிடுதேன்" என்றார் மாசிலாமணி. டீ சர்க்கரைப் பாகாக இனித்தது, இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது, அதற்கப்புறம் அவர் டீயை விட்டுக் காப்பிக்கு மாறிவிட்டார், சர்க்கரை வியாதி என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்.

ஐந்து சதவீதம். நாலு. லில்லி டீச்சர் வீடு பத்தடிதான். எழுந்து போனால் ஆயிற்று. கால் எழவில்லை. அணையட்டும், அணையட்டும் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது, அணைந்துவிடக் கூடாதே என்று வேறொன்று அதன் மேலேயே ஏறிக்கொண்டது, இரண்டும் ஒரே குரல். பன்னிரண்டு அடிக்கும் முன்னாலேயே போன் அடித்துவிட்டது. "சார், எட்வின். அப்பாகிட்ட கொடுக்கேன்." ஏதோ உரசியது, துணி விலகியது, மூச்சு. "சார்." கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் அதே குரல். "சார், நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா?" இருக்கோம் மாசிலாமணி, உங்களுக்கு எப்படி இருக்கு? "எனக்கென்ன சார், டிக்கெட் எடுத்தாச்சு, வண்டிதான் வரணும்." சிரிப்பு, இருமல். "ஒண்ணே ஒண்ணு சார். உங்க மேல குத்தம் சொல்லலை. அந்தப் பையன் விரலு அடிக்கடி கனவுல வருது. நம்ம காதாலதானே ஒரு பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு இருக்கும். போற நேரத்துல தெரிஞ்சுக்கிட்டுப் போயிருவோம்னுதான். அன்னைக்கு நீங்க போடாதீங்கன்னு சொன்னீங்களா சார்?" சொல்லிவிடுவது என்று ஏற்கெனவே எப்போதோ முடிவு செய்துவிட்ட மாதிரி வாய் தானாகத் திறந்தது. "மாசிலாமணி, நான் போடாதீங்கன்னு சொல்லலை" என்று சொன்னார். சொல்ல நினைத்தார். 'சொல்ல' வரைக்கும் வந்தது. அந்தக் கடைசி 'லை', அது தொண்டையிலேயே உடைந்து, உதட்டுக்கு வருவதற்குள் வெறும் காற்றாகிவிட்டது. பிறகு, "சொல்லத்தான் செஞ்சீங்க. சரி சார், சரி சார். அப்ப என் காதுதான்" என்றார் மாசிலாமணி. போன் கருப்பாகிவிட்டது.

வாலை அறுத்துக்கொடுத்தது இவர். அந்த மனுஷன் தன் பக்கத்திலிருந்து ஒரு வாலை எடுத்து ஒட்டி, இவருக்குச் சாதகமாகவே முடித்து வைத்தார், முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பிரின்சிபல் அறையில் செய்த மாதிரியே. கருத்தரங்கில் கை தட்டினவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும். மறுக்கிற சொல் முதலில் வர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பலகை எழுதிக்கொடுத்த வாத்தியாருக்கு, தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மறுக்க வேண்டிய இடத்தில், அது வாலில்தான் வந்தது. விட்டுவிட்டால் என்ன? இப்படியே விட்டுவிடலாம். விடை கிடைத்துவிட்டது என்று அவர் நிம்மதியாக இருக்கலாம். சாகப்போகிறவருக்கு எது உண்மை என்றால் என்ன, நிம்மதிதானே பெரிசு? அப்படித் தோன்றிய நிமிஷமே அந்த எண்ணத்தின் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது. எவ்வளவு பதமாக வருகிறது பார், கேட்டிருக்கலாம் மாதிரியே, அதே பானையில் வெந்த சோறு. என் காதுதான் என்று சொல்லிக்கொண்டு அவர் போவார். பையனின் விரலையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார், அது இவர் சுமக்க வேண்டிய விரல் அல்லவா? கூடத்துச் சுவரில் கடிகாரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அப்படியே இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு லில்லி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"வாங்க சார், அப்பவே கொண்டாங்கன்னேன்லா." ஷோகேஸ் பக்கத்தில் பிளக் இருந்தது. சொருகினார். சுவிட்சைப் போட்டார். போட்ட பிறகு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். போன் உயிர் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனது, அதுவரைக்கும் உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஒயருக்குப் பக்கத்திலேயே நின்றார். என்னமோ ஏதோ என்று செண்பகமும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். ஒயர் நீளம் மூன்றடி, வெளியே போய்ப் பேச முடியாது. இவர்கள் முன்னால்தான் பேச வேண்டும். பேசுவோம். எட்வின்தான் எடுத்தான். "சார், லைன் கட்டாயிட்டு. அப்பா தூங்குதார் சார். ரொம்ப நாளைக்கப்புறம் இப்படித் தூங்கிப் பாக்கேன். ஏன் சார், எழுப்பவா? வேண்டாமா?" வேண்டாம் என்பது நல்ல சொல், தனிச் சொல், வால் இல்லாத சொல், அவரே ஊருக்கெல்லாம் பரிந்துரைத்த சொல். "எழுப்பு" என்றார் ஆவுடைநாயகம். "எழுப்புப்பா. உடனே எழுப்பு."

உரசல். "அப்பா, சார் திரும்பவும் கூப்பிடுதாங்க." மூச்சு, முனகல், கட்டில் கிறீச்சென்றது. "சார்?" ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லை" என்றார். முதலில் அதைத்தான் சொன்னார். "இல்லை மாசிலாமணி. இல்லை. நான் சொல்லலை. போடுங்கன்னுதான் சொன்னேன். அந்தப் பையன் குனிஞ்சதப் பாத்தேன். பாத்தும் வாய் வரலை. விசாரணையில சொன்னது பொய். அப்புறம் சொன்னதெல்லாமும் பொய். உங்களுக்குத் தப்பாக் கேக்கலை. சரியாத்தான் கேட்டுச்சு. இல்லை, நான் சொல்லவே இல்லை!" கதவோரம் செண்பகம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். லில்லி டீச்சர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஷோகேஸைப் பார்த்தாள். அந்தப் பக்கம் முதலில் எட்வின் குரல்தான் வந்தது. "முப்பத்தேழு வருஷம் சார்" என்றான். "நீ சும்மா இருலே" என்றார் மாசிலாமணி. வைத்துவிட்டாரோ, இல்லை அங்கேயும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஆவுடைநாயகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அப்ப என் காது நல்லாத்தான் இருந்திருக்கு" என்று அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது, யாருக்கும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "இருந்துச்சு மாசிலாமணி! நல்லா இருந்துச்சு! உங்க காதுல ஒரு குறையும் இல்லை! கேக்குதா? நான் பேசுறது கேக்குதா மாசிலாமணி?" அழுதுகொண்டே தொண்டை கிழியக் கத்தினார் கரண்டு வாத்தியார், தெருவில் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாதீங்க சார்" என்றார் மாசிலாமணி. "நல்லாக் கேக்குது."